பதிலிச் சார்பும் நிரலின் சோதனையும்

பால்மரம் வெட்டுவோரின் வருவாய் எளிய பெருக்கற் கணக்கில் அடங்குவது. 40 கிலோ பாலில் 30 விழுக்காடு உலர்ந்த ரப்பர் இருப்பின் அது 12 கிலோவாகும். கிலோ 5 ரிங்கிட் எனில் 60 ரிங்கிட் கிடைக்கும். பேராக்கிலுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கு இக்கணக்கைப் போட்டுத் தரும் கணினி நிரல் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதில் பிழை நேரின் அது உழைப்பவரின் அடுப்பில் போய் முடியும். ஆதலின் நிரலைச் சோதித்தல் இன்றியமையாதது.

சோதனையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. உள்ளீட்டைப் பெற்று விடை தரும் நிரற்பகுதியைச் சார்பு என்பர். மலேசிய ரப்பர் வாரியம் வெளியிடும் விலையை இணையத்தின் வழியே பெற்றுவரும் சார்பு ஒன்று இந்நிரலில் உண்டெனக் கொள்வோம். விலை மாறினால் இன்று 60 என வந்த விடை நாளை வேறாகும். இணையம் அறுந்தால் விடையே வாராது. பிழை கணக்கிலா, விலையிலா என்பதும் விளங்காது.

இதற்குரிய வழி, பதில் ஆசிரியரை வகுப்புக்கு அனுப்புவது போன்றது. சோதனை நடக்கும் அளவில், விலை பெறும் சார்பை நீக்கி, எப்பொழுதும் 5 என்றே விடை தரும் சார்பை அங்கே வைத்தல் வேண்டும். இதுவே பதிலிச் சார்பு. இனி விடை 60 ஆகாவிடில், பிழை கணக்கிலேதான்.

சார்புகளையே முதன்மையாகக் கொண்ட மொழிகளில் இது எளிது. அங்கே சார்பும் எண்ணைப் போல் கைமாற்றத்தக்க ஒரு மதிப்பே. ரிச் ஹிக்கி என்பார் 2007இல் வெளியிட்ட குளோஜர் மொழியில், 2011 முதல் ‘வித்-ரீடெப்ஸ்’ என்னும் கருவி இதற்கென உள்ளது. அது குறித்த பகுதி முடியும்வரை பதிலியை அமர்த்தி, முடிந்ததும், இடையில் பிழை நேர்ந்து நின்றாலுங்கூட, பழைய சார்பை மீட்டு வைக்கும்.

ஆயினும் இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். முதலாவது, இம்மாற்றம் நிரல் முழுவதற்கும் புலப்படும். ஒரே வேளையில் இரு சோதனைகள் ஓடி, ஒன்று விலையை 5 என்றும் மற்றொன்று 7 என்றும் வைத்தால், ஒன்றின் பதிலி மற்றொன்றின் கணக்கில் புகுந்துவிடும். இரண்டாவது, குளோஜரின் பட்டியல்கள் பல, கேட்டாலன்றிக் கணக்கிடாத சோம்பற் பட்டியல்கள். 20 பேரின் தொகைப் பட்டியலைப் பகுதிக்குள் அமைத்து, வெளியே வந்து படித்தால், கணக்கு அப்பொழுதே தொடங்கும். அதற்குள் பதிலி அகன்றிருக்கும். எனவே ‘டூஆல்’ கொண்டு உள்ளேயே கணக்கை முடித்துவிடல் வேண்டும்.

இவ்விடர்கள் வாராத வழியும் உண்டு. விலை தரும் சார்பையே கணக்குச் சார்புக்கு உள்ளீடாகக் கொடுத்துவிடலாம். சோதனையில் ஒன்றும் நடைமுறையில் மற்றொன்றுமாகக் கொடுத்தால், மாற்றவும் மீட்கவும் தேவையில்லை. ஹாஸ்கெல் மொழியில் இதுவே பெருவழக்கு.

எவ்வழியாயினும் பதிலி கணக்கின் செம்மையை மட்டுமே காட்டும். உண்மை விலை ஒழுங்காக வந்து சேர்கிறதா என்பதைத் தனியே சோதித்த பின்னரே, அந்நிரலை நம்பிப் பணம் கொடுக்கலாம்.