திருமேனிகள் குளிக்கும் அறை

எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்க்காத சென்னைக்காரர்கள் குறைவு. பள்ளிச் சுற்றுலாவில் திமிங்கில எலும்புக்கூட்டின் முன் வாய் பிளந்து நின்றிருப்போம். 'செத்த காலேஜ்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். ஆனால் அந்த வளாகத்தில் பார்வையாளர் கால் படாத ஓர் இடம் இருக்கிறது. அனுமதி வாங்கி உள்ளே நுழைந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேதியியல் பாதுகாப்புக் கூடம்! சோழர் காலத்துச் சாமிகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடம்!

1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. முதலில் பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர். இந்தக் கூடம் 1930-இல் வந்தது. அதைக் கட்டி எழுப்பிய வேதியியலாளர் எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களை எப்படித் தீட்டினார்கள் என்று ஆராய்ந்தவரும் அவரேதான். இப்படியொரு மனிதரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சாமிக்கு என்ன நோய்? இங்குள்ள செப்புத் திருமேனிகளில் பல, மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. படையெடுப்புக்கு அஞ்சிப் புதைத்துவைத்தவை, பல நூற்றாண்டுகள் கழித்து அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலை உழும்போதோ தட்டுப்பட்டிருக்கின்றன. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்த வழியில் எழும்பூர் வந்து சேர்ந்த தெய்வங்கள் ஏராளம். வரும்போதே மண்ணின் உப்பையும் உடம்புக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. அந்த உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து பதுங்கிக் கிடக்கும். சென்னையின் ஈரக்காற்று பட்டதோ இல்லையோ, வேலையைக் காட்டத் தொடங்கிவிடும். தோளிலும் விரல் இடுக்கிலும் வெளிர்பச்சைப் புள்ளிகள் கிளம்பும். தொட்டால் மாவாக உதிரும். கவனிக்காமல் விட்டால் மூக்கும் முழியும் அரித்துப் போகும்.

வைத்தியம்தான் அழகு! காஸ்டிக் சோடா கரைத்த தொட்டியில் திருமேனியை இறக்கி, மின்கம்பியின் எதிர்முனையை அதனோடு இணைக்கிறார்கள். சுற்றிலும் இரும்புத் தகடு நேர்முனையாக நிற்கும். மெல்லிய மின்னோட்டம் பாய்ந்ததும் உடம்பெங்கும் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். உள்ளே ஒளிந்திருந்த குளோரைடு வெளியேறும். பச்சைப் பொருக்கு இளகி, அடியிலிருந்து இடுப்பு மேகலையின் மணிகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். எந்தச் சிற்பியோ உளியால் வரைந்த கோட்டை இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகு முதலில் பார்க்கும் பேறு அந்த வேதியியலாளருக்கு வாய்க்கிறது!

பிறகு குளியல். காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். போதுமா என்று எப்படித் தெரியும்? அலசிய நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட். பால்போல வெளுத்தால் உப்பு இன்னும் பாக்கி; மறுபடி அலச வேண்டும். தெளிவாகவே நின்றால் சாமி பிழைத்தார்! பள்ளி ஆய்வகத்தில் வேண்டா வெறுப்பாகச் செய்த அதே சோதனை, இங்கே பார்வதியின் விரல்களைக் காப்பாற்றுகிறது.

இந்தப் பரவசத்தோடு வெண்கலக் கூடத்துக்கு ஓடினேன். திருவாலங்காட்டு நடராஜர் முன் நின்றபோது பார்வையே வேறாக இருந்தது. பிரெஞ்சுச் சிற்பி ரோதென் இவரைப் புகைப்படத்தில் மட்டுமே கண்டு மயங்கி எழுதினார். அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகு 1921-இல் அச்சானது. நமக்கோ, எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோ தூரம்! அதே வளாகத்தில் அமராவதிச் சிற்பங்களும், அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும், ராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய கற்கருவிகளும் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் தனி நாள் ஒதுக்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது திருமேனிகளின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். பீடத்தின் ஓரம், சடையின் இடுக்கு, விரல்களின் நடுவே கண்ணைக் கொண்டுபோங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். வேதியியல் படிக்கும் பிள்ளை என்றால் கட்டாயம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.