பத்தரை டன் வெண்கலமும் அறுநூறு காசும்

எண்ணிக்கையில் பார்த்தால் அந்த மணிகள் ஒரு பொருட்டே இல்லை. சீனாவில் ஒரு பழங்காலக் கல்லறையிலிருந்து எடுத்த பொருள்கள் 15,404; அவற்றில் மணிகள் 65. நூற்றுக்கு அரைப் பங்குகூட வராது. தராசில் வைத்தால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே கிடைத்த வெண்கலம் மொத்தம் சுமார் 10.5 டன். மணிகளின் எடை மட்டும் 2,567 கிலோ. அவற்றைத் தாங்கும் சட்டகத்தின் வெண்கல உறுப்புகளையும் கொக்கிகளையும் சேர்த்தால் 4,421 கிலோ. ஒரு குறுநில மன்னர் தம்மோடு மண்ணுக்குள் கொண்டுபோன வெண்கலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே ஓர் இசைக்கருவிக்குப் போயிருக்கிறது.

சீனாவின் வூஹான் நகரில், கிழக்கு ஏரிக்கரையில் நிற்கும் ஹூபே மாகாண அருங்காட்சியகத்தின் தலையாய செல்வம் இந்த மணிகள்தான். அங்கே 2,40,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இருப்பதாகச் சொல்வார்கள். அந்த எண் பிரமிப்பைத் தரும், வேறொன்றும் தராது. எடையையும் விலையையும் படித்தால்தான் அங்குள்ளவை பேசத் தொடங்குகின்றன.

முதலில் கல்லறையின் செலவுக் கணக்கு. 1977இல் சுய்ஜோ அருகே லேகுதுன் என்ற இடத்தில், ராணுவப் பிரிவொன்று பட்டறை கட்டுவதற்காகக் குன்றை வெடிவைத்துத் தகர்த்தபோது மண்ணின் நிறம் மாறியது. 1978 மே மாதம் அகழாய்வு தொடங்கியது. கிழக்கு மேற்காக 21 மீட்டர், வடக்கு தெற்காக 16.5 மீட்டர், பரப்பு சுமார் 220 சதுர மீட்டர். உள்ளே மரத்தால் நான்கு அறைகள். அவற்றுக்குச் செதுக்கிய விட்டங்கள் 171, மரத்தின் கொள்ளளவு சுமார் 380 கன மீட்டர். ஈரம் புகாதிருக்கச் சுற்றிலும் கொட்டிய கரி 60,000 கிலோ. பழைய முறையில் ஒரு கிலோ கரிக்கு நான்கைந்து கிலோ விறகு எரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கரிக்கு மட்டும் 240 முதல் 300 டன் மரம் போயிருக்கும். கரி பொய்த்தது, தண்ணீர் புகுந்தது. ஆனால் அந்தத் தண்ணீர்தான் மரத்தையும் அரக்குப் பூச்சையும் அழுகாமல் காத்தது. பழங்காலத்தில் ஒரு திருடன் துளை போட்டு மூடுபலகையை உடைத்தும் பார்த்திருக்கிறான். நீரும் சேறும் நிறைந்த அந்தக் குழியில் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. 60 டன் கரியால் முடியாத காவல் வேலையை நிலத்தடி நீர் செலவில்லாமல் செய்தது.

மன்னரின் வெளிச் சவப்பெட்டி 3.2 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் அகலம், 2.19 மீட்டர் உயரம். அதன் வெண்கலச் சட்டம் மட்டும் 3,200 கிலோ. மரத்தோடு சேர்த்தால் ஏறத்தாழ 7 டன். உள்ளே இருந்தவர் செங் நாட்டை ஆண்ட யி, நாற்பதுகளில் இறந்தவர், உயரம் 1.62 மீட்டர் அளவு. அவரோடு புதைக்கப்பட்ட பெண்கள் 21 பேர். எலும்புகளை ஆராய்ந்தவர்கள் கணித்த வயது 13 முதல் 25 வரை. 8 பேர் அவர் இருந்த அறையில், 13 பேர் மேற்கு அறையில். ஒரு நாயும் உண்டு. 15,404 என்ற எண்ணை எழுதுகிற எவரும் இந்த 21ஐயும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். கல்லறையின் மிகப் பெரிய செலவு அதுதான். அது வெண்கலத்தில் சேராது.

இனி மணிகள். மூன்று வரிசை: மேலே 19, நடுவில் 33, கீழே 13. சட்டகம் 'ட' எழுத்தின் வடிவில் மடங்கி நிற்கிறது. ஒரு பக்கம் 7.48 மீட்டர், இன்னொன்று 3.35 மீட்டர். மிகப் பெரிய மணி 203.6 கிலோ, ஆளின் தோளை எட்டும் உயரம். மிகச் சிறியது 2.4 கிலோ. ஒன்றுக்கு மற்றொன்று 85 மடங்கு. மணியின் வாய் வட்டமாக இல்லாமல் வாதுமைப் பருப்புபோல் இருப்பதால், நடுவில் தட்டினால் ஒரு சுரம், ஓரத்தில் தட்டினால் வேறொரு சுரம். இத்தனை எடையும் ஐந்து ஸ்தாயிக்கு மேல் விரிந்த சுர வரிசைக்காக.

எடையை உலோகத்தின் கணக்காக மட்டும் படிப்பதும் தவறு. நீண்ட கைப்பிடி வகை மணி ஒன்றை வார்க்க 136 அச்சுத் துண்டுகள் தேவைப்பட்டன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த வகையில் 45 மணிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அதே கணக்கைப் போட்டால் 6,120 களிமண் துண்டுகள். ஒன்று பிசகினாலும் சுரம் பிசகும். மணிகள், சட்டகம், கொக்கிகள் ஆகியவற்றில் பொறித்த எழுத்துகள் 3,755. பெரும்பாலும் சுரப்பெயர்களும் நாட்டுக்கு நாடு அவை எப்படி மாறுகின்றன என்ற விளக்கமும். யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் 2025 ஏப்ரலில் இந்த மணிகளைச் சேர்த்தது. வரிசைக்குப் பொருந்தாத ஒரு மணி மட்டும் 134.8 கிலோ; அது சூ நாட்டு அரசர் ஹுய் தம் 56ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 433இல், கொடுத்த காணிக்கை. அதில் உள்ள 31 எழுத்துகளால்தான் கல்லறையின் காலம் தெரிந்தது.

கிலோ குறைந்தால் உழைப்பு குறையும் என்று நினைப்பவர்கள் அதே கல்லறையில் கிடைத்த மதுப் பாத்திர இணையைப் பார்க்க வேண்டும். குடம் சுமார் 9 கிலோ, தாம்பாளம் 19.2 கிலோ. குடத்தில் 34 உறுப்புகள், 56 இணைப்புகள். தாம்பாளத்தில் 38 உறுப்புகள், 44 இணைப்புகள். 28 கிலோவில் சரியாக 100 இணைப்புகள். என் கண்ணுக்கு அந்த அருங்காட்சியகத்தில் இதற்கு ஈடு வேறில்லை. நாட்டைவிட்டு வெளியே கண்காட்சிக்கு அனுப்பக் கூடாதென்று 2002இல் சீனா வெளியிட்ட 64 பொருள்களின் பட்டியலில் மணிகள், வெளிச் சவப்பெட்டி, இந்த இணை மூன்றுமே இருக்கின்றன.

இவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது? ஹூபேயிலேயே தோங்லூஷான் பழஞ்சுரங்கத்தில் குவிந்து கிடந்த கசடு சுமார் 4 லட்சம் டன். அதை வைத்து ஆய்வாளர்கள் கணித்த செம்பு 80,000 முதல் 1,20,000 டன். செங் நாட்டுச் செம்பு அங்கிருந்தே வந்தது என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் 10 டன் பெரிய தொகையே அல்ல.

கட்டடம் அதன் செல்வத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. அருங்காட்சியகத்தின் தொடக்கம் 1953. மணிகளுக்கென்று தனி மண்டபம் 1999இல் வந்தது. நடு மண்டபம் 2007இல். உயர்ந்த மேடை, அகன்ற இறவாணம், பெரிய சரிவுக் கூரை என்று பழைய சூ நாட்டுப் பாணியில், நடுவில் ஒன்றும் இரு பக்கம் இரண்டுமாக அமைத்தார்கள். அப்போது கட்டடப் பரப்பு 49,611 சதுர மீட்டர், அதில் காட்சிக்கு 13,427. 2021 டிசம்பரில் புதிய மண்டபம் திறந்தபின் மொத்தம் 1,14,000, காட்சிக்கு 36,000. கட்டடம் 2.3 மடங்கு, காட்சியிடம் 2.7 மடங்கு. விரிவாக்கம் என்றால் பெரும்பாலும் அலுவலகமும் கடையும்தான் விரியும். இங்கே அப்படி ஆகவில்லை. 2007 முதல் நுழைவுக் கட்டணமும் இல்லை.

அங்கே இருப்பவை யியின் பொருள்கள் மட்டுமல்ல. மிங் காலத்து இளவரசர் லியாங்கின் கல்லறையிலிருந்து 2001இல் வந்த 5,300க்கும் மேற்பட்ட பொருள்களில் ஒரு தங்கக் கட்டி உண்டு. எடை 1,937 கிராம். மேற்குக் கடல் நாடுகளில் வாங்கியது, 1419, தரம் பத்துக்கு எட்டு, எடை 50 லியாங் (சீன எடை அலகு) என்று அதன்மேலேயே பொறித்திருக்கிறார்கள். மிங் அரசின் கடலோடி செங் ஹேயின் கப்பல்கள் நம் பக்கம் வந்துபோன காலம் அது. இலங்கையின் காலி நகரில் அவர் நாட்டிய, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதிய கல்லின் ஆண்டு 1409. அந்த வணிகத்தின் ரசீது வூஹானில் இருக்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் உண்மையான கணக்குப் புத்தகம் தங்கமல்ல, மூங்கில். 1975இல் யுன்மெங் அருகே ஷுய்ஹூதியில், கி.மு. 217இல் இறந்த சீ என்ற கின் அரசு அலுவலரின் கல்லறையில் 1,155 மூங்கில் ஏடுகள் கிடைத்தன. பெரும்பகுதி சட்டங்கள். ஏறத்தாழ 30 கிலோ நிறுக்கும் எடைக்கல்லில் கால் கிலோ பிசகினால் பொறுப்பான அதிகாரிக்கு ஒரு கவச உடையின் விலை அபராதம். அதில் பாதி பிசகினால் ஒரு கேடயத்தின் விலை. நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாத பிழைக்கு இந்தத் தண்டனை. கடனை உழைத்துத் தீர்ப்பவனுக்கு நாள் ஒன்றுக்கு 8 காசு கழியும். அரசுச் சோறு தின்றால் 6 காசு.

அதே இடத்தில் இன்னொரு கல்லறையில், கி.மு. 223 வாக்கில் போர்முனையிலிருந்து ஹெய்ஃபூ, ஜிங் என்ற சகோதரர்கள் வீட்டுக்கு எழுதிய இரண்டு மரப்பலகைக் கடிதங்கள் கிடைத்தன. ஊரில் துணி மலிவென்றால் அம்மா கோடை உடுப்பு தைத்துப் பணத்தோடு அனுப்பட்டும், விலை ஏறியிருந்தால் பணம் மட்டும் போதும், இங்கே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார் ஹெய்ஃபூ. ஜிங் கேட்பது 500, 600 காசும், 25 சீன அடிக்குக் குறையாத நல்ல துணியும். அது சுமார் 5.8 மீட்டர். கடன் வாங்கிச் செலவழித்துவிட்டாராம். வீட்டிலிருந்து வராவிட்டால் செத்தேன் என்று அவசரம் அவசரமாக எழுதுகிறார். சட்ட ஏட்டின் கூலிப்படி 600 காசு என்பது 75 நாள் உழைப்பு.

வூஹான் போகிறவர்கள் மணிகளைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். அதைச் சொல்லத் தேவையில்லை. கின் மூங்கில் ஏடுகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மன்னரின் செலவு அங்கே பத்தரை டன்னாக நிற்கிறது. சாதாரண மனிதரின் செலவு எழுத்தில் இருப்பது அந்த ஏடுகளில்தான்.