வெல்டிங் பட்டறை ஆர்கான், குளிர்கடலில் உடம்பைச் சூடாக வைக்குமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பது தெரிந்த கதைதான். கிரெட்டேசியஸ் காலத்தில் இந்தப் பகுதி கடலாக இருந்தது. சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச்சென்றதுதான். இன்று இங்கே கடல் இல்லை. ஆனால், குளிர்கடலில் இறங்கும் டைவர்கள் கூடவே எடுத்துச் செல்லும் ஒரு வாயு, இங்குள்ள டிக் வெல்டிங் பட்டறைகளிலும் இருக்கிறது. அதுதான் ஆர்கான்.

டைவருக்கு ஆர்கான் எதற்கு?

வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிட தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகம். அதனால்தான் 20 டிகிரி காற்றில் சும்மா உட்கார முடிகிற நமக்கு, அதே 20 டிகிரி தண்ணீரில் கொஞ்ச நேரத்திலேயே பல் கிட்டிவிடுகிறது.

இதற்காகத்தான் ‘டிரைசூட்’. தண்ணீர் புகாத முழு உடை, உள்ளே கம்பளி போன்ற தடித்த உள்ளாடை. ஆழம் போகப் போக தண்ணீரின் அழுத்தம் உடையை நசுக்கும். அதை ஈடுகட்ட, வால்வு வழியாக உடைக்குள் வாயுவைச் செலுத்துவார்கள். உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் அந்த வாயுதான் குளிரைத் தடுக்கிற போர்வை.

சாதாரணமாக காற்றே போதும். ஆனால், ரொம்ப ஆழம் போகிறவர்கள் சுவாசிப்பது ஹீலியம் கலந்த வாயு. ஹீலியமோ காற்றைவிட சுமார் 6 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதையே உடைக்குள் விட்டால் நடுங்க வேண்டியதுதான். ஆர்கான் இதற்கு நேர் எதிர். அதன் அணுக்கள் கனமானவை, மெதுவாக நகர்பவை. காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். அதனால் சிலர் தனியாக ஒரு குட்டி ஆர்கான் சிலிண்டரை மாட்டிக்கொள்கிறார்கள்.

நிஜமாகவே வேலை செய்கிறதா?

கணக்குப்படி செய்ய வேண்டும். நெதர்லாந்து கடற்படை டைவர்களை வைத்துச் சோதித்தார்கள். 13 டிகிரி தண்ணீரில், 3 மீட்டர் ஆழத்தில், ஒரு மணி நேரம். உடைக்குள் இருப்பது காற்றா, ஆர்கானா என்று டைவர்களுக்குச் சொல்லவில்லை. 2013-ல் வெளியான முடிவு: ஆர்கானால் குறிப்பிடும்படியான பலன் எதுவும் தெரியவில்லை.

ஏன் இப்படி? இரண்டு விஷயங்களை யோசிக்கலாம். ஒன்று, உடைக்குள் ஏற்கெனவே காற்று இருக்கும். ஆர்கானை நிரப்பி, வெளியேற்றி, மறுபடி நிரப்பினால்தான் அந்தக் காற்று போகும். இரண்டு, வெப்பம் வாயு வழியாக மட்டும் போவதில்லை. உள்ளாடையின் இழைகள் வழியாகவும் கசியும். எனவே, சாதாரண டைவுக்கு ஆர்கானுக்குச் செலவழிப்பதைவிட, நல்ல தடித்த உள்ளாடை வாங்குவதே புத்திசாலித்தனம்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

டைவர்களுக்கு ஒரு கறார் விதி உண்டு. ஆர்கான் சிலிண்டரில் சுவாசக் குழாயை மாட்டவே கூடாது. காரணம், அதில் ஆக்சிஜன் கிடையாது.

இந்த விதி பட்டறைக்கும் அப்படியே பொருந்தும். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே ஆர்கான் சுமார் 0.93 சதவீதம் இருக்கிறது. அது விஷம் இல்லை. ஆனால், காற்றைவிட சுமார் 1.4 மடங்கு கனமானது. டேங்க், குழி, பெரிய பைப் மாதிரி மூடிய இடத்தில் கசிந்தால் அடியில் தேங்கி, ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். நிறம் இல்லை, வாசனை இல்லை. மூச்சுத் திணறலும் தெரியாது. ஏனென்றால், மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது முக்கியமாக உடம்பில் சேரும் கரியமில வாயுதான். அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் ஓரிரு மூச்சிலேயே ஆள் மயங்கி விழலாம்.

அதனால் மூடிய இடத்தில் வெல்டிங் என்றால்:

• காற்றோட்டத்துக்கு புளோயர் வையுங்கள்.
• உள்ளே இறங்கும் முன் மீட்டரில் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இறங்கக் கூடாது.
• வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். சாப்பாட்டு இடைவேளையிலும்தான்.
• வெளியே ஒருவர் கட்டாயம் நிற்கட்டும்.
• உள்ளே யாராவது விழுந்தால், காப்பாற்றுகிறேன் என்று நீங்களும் குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறையை 101 அல்லது 112-ல் கூப்பிடுங்கள்.

குளிர்கடலில் ஆர்கான் பெரிதாகக் கைகொடுக்காமல் போகலாம். மூடிய டேங்குக்குள் அது உயிரை எடுக்கும் என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம்.