டவுனில் இருவருக்கு ஒரு மேசை

சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துச் சனம் ஹட்டன் டவுனில் நிறைந்திருக்கும். சாமான் கட்டுவார்கள், அடகுக் கடைக்குப் போவார்கள், பிள்ளைக்குச் சப்பாத்து எடுப்பார்கள். பசி எடுத்தால் பேக்கரியில் ஆளுக்கொரு பனிஸ் வாங்கி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தின்றுவிட்டு ஏறிவிடுவார்கள். புருசனும் பெண்சாதியும் மட்டும் ஒரு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிடுவது இன்னமும் அபூர்வம்தான். காசு இல்லாதது ஒரு காரணம். ஆனால் காசு இருக்கிற நாளிலும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கால் தயங்குகிறது. உள்ளே போனால் என்ன சொல்லிக் கேட்க வேண்டும், எவ்வளவு வரும், எந்தப் பாஷையில் பேசுவார்கள் என்ற யோசனைதான்.

இந்தக் கட்டுரை அந்தத் தயக்கத்துக்காக. நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் வீட்டுக்காரர் ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். இரண்டு பேருமே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மாதத்தில் ஒரு நேரமாவது வெளியில் சாப்பிடுவது என்று கல்யாணமான புதிதில் வைத்துக்கொண்ட வழக்கத்தை முடிந்த மட்டும் விடாமல் வைத்திருக்கிறோம். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு மலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு, இன்னொருவர் சமைத்துப் பரிமாறுகிற ஒரு சாப்பாடு ஆடம்பரம் இல்லை. அது அவளுக்குச் சேர வேண்டியது. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

முதலில் பழகின இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை டவுன்களில் இருக்கிற சைவக்கடை. இங்கே மெனு அட்டையைத் தேட வேண்டியதில்லை; என்ன இருக்கிறதென்று பையனே ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கண்ணாடி அலுமாரியில் உளுந்து வடை, கடலை வடை, ரோல்ஸ் எல்லாம் அடுக்கியிருக்கும். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோவது இங்கேதான்: "இவ்வளவையும் யாருங்க கேட்டது?" யாரும் கேட்கவில்லை. எடுத்ததற்கு மட்டும்தான் காசு. மிச்சத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதே தட்டு அடுத்த மேசைக்கும் போகும் என்பதால், எதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்காதீர்கள். பலர் கை பட்டது வேண்டாம் என்று தோன்றினால், "தம்பி, தட்டு வேணாம், சூடா ரெண்டு வடை மட்டும் கொண்டாங்க" என்றால் போதும். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மத்தியானச் சோற்றுக்கு ஒரே விலை. கறிகளும் சோறும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். மேலதிகமாக வாங்குகிற பொரியல், தயிர், பப்படத்துக்குத் தனிக் காசு வரலாம். போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். கடைசியில் பையன் ஒரு துண்டில் தொகையைக் கிறுக்கித் தருவார், அல்லது நேரே கல்லாவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். அந்தத் தொகைதான் முழுப் பில். அதற்கு மேல் எதுவும் ஏறாது.

சங்கிலிக் கடைகளில் முறை வேறு. ஒரே பெயர், ஒரே மெனு, ஒரே சுவையோடு ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிறவர்களைச் சொல்கிறேன். பீட்சா ஹட் 1993இலும் கே.எஃப்.சி. 1995இலும் இலங்கைக்கு வந்தன. கே.எஃப்.சி.யை இங்கே நடத்துவது கார்கில்ஸ். 1844இல் தொடங்கிய கம்பனி அது. துரைமார் சாமான் வாங்கின அதன் பழைய கட்டடம் நுவரெலியா டவுனில் இன்றும் நிற்கிறது. அந்த வாசல் ஒருகாலத்தில் எங்கள் தாத்தா பாட்டிக்கு உரியதாக இருக்கவில்லை. இன்று யாரும் போகலாம். போக வேண்டும்.

இந்தக் கடைகளில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, கவுண்டரில் நின்று சொல்லி, காசைக் கட்டி, தட்டை நாமே தூக்கிக்கொண்டு மேசைக்குப் போவது. கோழி, பர்கர் கடைகள் இப்படித்தான். மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் செய்வது இது: நான் மேசையைப் பிடித்துக்கொள்வேன், இவர் வரிசையில் நிற்பார். கவுண்டருக்கு மேலே இருக்கிற படங்களில் இலக்கம் போட்டிருந்தால் அந்த இலக்கத்தைச் சொன்னாலே போதும். இங்கிலீஷில் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மற்றது, வாசலில் நின்று எத்தனை பேர் என்று சொல்லி, அவர்கள் காட்டுகிற மேசையில் உட்கார்ந்து, மெனு பார்த்துக் கேட்டு, சாப்பிட்ட பிறகு காசு கட்டுவது. நுவரெலியா பீட்சா ஹட்டிலும் பெரிய ரெஸ்டூரன்ட்களிலும் இந்த வகை. இங்கே உட்கார்ந்து யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "கொஞ்சம் இருங்க தம்பி, பாத்துட்டுச் சொல்றோம்" என்று சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை.

கையால் சாப்பிடலாமா என்று என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. பொரித்த கோழியை உலகம் முழுக்கக் கையால்தான் சாப்பிடுகிறார்கள். பீட்சாத் துண்டும் அப்படியே. முள்ளுக்கரண்டி வைத்திருப்பது விரும்புகிறவர்களுக்கு.

இருவருக்கு எவ்வளவு வாங்குவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வட்டமான சாப்பாட்டில் விட்டம் கொஞ்சம் கூடினாலும் பரப்பு நிறையக் கூடும். ஒன்பது அங்குல பீட்சாவையும் பன்னிரண்டு அங்குல பீட்சாவையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது; ஆனால் 9 x 9 = 81, 12 x 12 = 144. பெரியதில் முக்கால் பங்குக்கு மேல் அதிகமான சாப்பாடு இருக்கிறது. விலை அந்த அளவுக்குக் கூடவில்லை என்றால் பெரியதை வாங்கி, பாதியைப் பார்சல் கட்டச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோவது லாபம். பிள்ளைகளை ஆச்சியிடம் விட்டுவிட்டு வந்த குற்ற உணர்வும் அதோடு தீரும். மிஞ்சினதைப் பார்சல் கேட்பது வெட்கம் இல்லை. அதற்கென்றே பெட்டி வைத்திருக்கிறார்கள்.

இனி பில். தோட்டத்துக் குடும்பத்துக்கு இதுதான் முக்கியமான இடம்.

மெனுவில் 2,000 ரூபாய் என்று பார்த்துக் கணக்குப் போட்டுச் சாப்பிட்டிருப்போம்; பில் 2,500ஐத் தாண்டி வரும். ஏமாற்று என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் ஏமாற்று இல்லை. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று போட்டிருப்பார்கள். சேவைக் கட்டணம் வழமையாக 10 வீதம்: 200 ரூபாய். இது அரசாங்கத்துக்குப் போகிற வரி இல்லை. பரிமாறுகிறவர்களுக்குப் பகிர்வதற்கென்று கடை வாங்குவது. அதனால்தான் பார்சல் எடுத்துக்கொண்டு போனால் வழக்கமாக இதைப் போடுவதில்லை. அடுத்தது பெறுமதி சேர் வரி, நாம் வற் என்று சொல்வது. 2024 ஜனவரியில் இது 15 வீதத்திலிருந்து 18 வீதமாக ஏறியது. 2,000 ரூபாய்க்கு 360. ஆக, குறைந்தது 2,560 ரூபாய் கையில் இருக்க வேண்டும். 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீட்டையும் சில இடங்களில் தனி வரியாகப் போட்டிருப்பார்கள்.

இந்தத் தொகையை நம் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபாய் கழிந்தால் கையில் 1,242. புருசனும் பெண்சாதியும் இரண்டு பேரும் முழுப்பேர் போட்டால் 2,484 ரூபாய். அரைப்பேர் விழுந்தால் அதுவும் இல்லை. இரண்டு பேர் பகல் முழுக்க மழையில் நின்று உழைத்த காசு, நடுத்தரமான ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போதவில்லை. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நாளுக்கு 1,750 ரூபாய் கிடைக்கச் செய்வதாக அறிவித்தார்கள். அந்தக் கணக்கிலும் ஒருவருடைய முழுநாள் சம்பளம் இந்தப் பில்லைக் கட்டாது. கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அப்படி ஏறின சாப்பாட்டு விலை பிறகு பழைய இடத்துக்கு இறங்கி வரவே இல்லை. கூலிதான் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. தோட்டத்து ஆட்களுக்கு வெளியில் சாப்பிடத் தெரியாது என்று யாராவது பேசினால், அவர்களுக்கு முதலில் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

அதனால் உட்காருவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது டெக்ஸ், சேர்விஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்த விலையா?" கவுண்டரில் காசு கட்டுகிற சங்கிலிக் கடைகளில் பலகையில் போட்டிருப்பதே முழு விலையாக இருப்பது வழமை. மேசையில் பரிமாறுகிற இடங்களில்தான் இந்தக் கேள்வி காசை மிச்சம் பிடிக்கும்.

எல்லாக் கடையும் வற் வாங்க முடியாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். அந்த வரிக்குப் பதிந்த கடை மட்டுமே வாங்கலாம். பதிந்தாக வேண்டிய ஆண்டு வியாபார எல்லை 2024இல் 80 மில்லியன் ரூபாயிலிருந்து 60 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. பதிந்த கடைக்கு ஒரு வற் இலக்கம் இருக்கும். அது 7000 என்று முடியும். பில்லில் வற் போட்டிருந்து அந்த இலக்கம் இல்லையென்றால், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் அதை மாட்டியிருக்க வேண்டும்.

தண்ணீர்ப் போத்தல் சின்ன விசயமாகத் தெரியும். 2025 ஏப்ரலிலிருந்து அரை லீற்றர் போத்தல் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100 ரூபாய் என்று உச்ச விலை வர்த்தமானியில் போட்டிருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் நிறைய வருகிற ஓரிடத்தில் அதைவிடக் கூட்டிப் போட்டிருந்ததைப் பார்த்து இவர் மெதுவாகக் கேட்டார். நான் மேசைக்கடியில் காலைத் தட்டினேன், "விடுங்க, நாலு பேரு பாக்குறாங்க" என்று. "பாக்கட்டும் புள்ள, நம்ம காசுதானே" என்றார். காசாளர் ஒன்றும் பேசாமல் பில்லை மாற்றித் தந்தார். கேட்டும் மாற்றவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பில் தருவது வியாபாரியின் கடமை. பில் இல்லாமல் முறைப்பாடு நிற்காது, கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தேயிலைக் கம்பனிகளின் தேநீர்க்கூடங்களையும் சொல்லாமல் விட முடியாது. ஹட்டன் - நுவரெலியா பாதையில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் சென் கிளயார் நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி மெலஸ்னா கோட்டை இருக்கிறது. கண்டிப் பாதையில் லபுக்கலையில் டம்ரோ நிறுவனத்தின் தேநீர் நிலையம். சோறு வாங்க முடியாத மாதத்தில் நாங்கள் இப்படி ஓரிடத்துக்குப் போவோம். ஒரு கேத்தல் சூடான தேநீரும் ஒரு துண்டு கேக்கும் இருவருக்குப் போதும். ஒருமுறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளினவர். வீட்டில் தோட்டத்தில் கொடுக்கிற தூள்தான். பால் விடாத அந்தத் தேநீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தார், ஒரு மிடறு குடித்தார், "இது மேமலைக் கொழுந்து, நல்லா வாட்டியிருக்கான்" என்றார். பரிமாறின பிள்ளை வாய் பிளந்து நின்றது. அந்த மேசையில் தேயிலையைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லித்தர யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் பொழுது சாயும்போதே போய்விடும். அதைத் தவறவிட்டால் ஓட்டோவுக்குக் கொடுப்பது சாப்பாட்டுச் செலவை மிஞ்சிவிடும். எனவே நம் விருந்து மத்தியானத்தில்தான். ஏப்ரல் மாத நுவரெலியாவைத் தவிர்த்துவிடுங்கள். சீசன் கூட்டத்தில் மேசையும் கிடைக்காது, நின்று பேசவும் ஆளிருக்காது.

கடைசியாகப் பாஷை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர்கள். அந்த மாவட்டத்திலேயே நாங்கள் போன பல கடைகளில் மெனு இங்கிலீஷில்தான் இருக்கிறது. கவுண்டரில் முதல் வார்த்தை சிங்களத்தில் வருகிறது. ஆனால் சட்டையில் பெயர் குத்தியிருக்கிற பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். அவர்களில் கொட்டகலை, பொகவந்தலாவ, அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். "தம்பி, தமிழ் தெரியுமா?" என்று கேட்டதும் முகம் மலர்ந்து, "சொல்லுங்க அக்கா, எந்தத் தோட்டம்?" என்று திருப்பிக் கேட்கிறவர்கள். கூச்சப்படாமல் தமிழில் கேளுங்கள். தமிழ் மெனு இருக்கிறதா என்றும் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், மேசையில் தருகிற கருத்துச் சீட்டில் அதையே தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாங்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.