எறியும் வேகம் கையில் இல்லை

நம்ம திருத்தணியிலிருந்தே ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். நகரி, புத்தூர்னு பார்டர் தாண்டிப் போய் டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆடுறவர். "அண்ணா, பவுண்டரியிலிருந்து எறிஞ்சா பந்து கீப்பர்கிட்ட நேரா போய்ச் சேர மாட்டேங்குது. பேஸ்பால்காரங்க கனமான பந்தை எறிஞ்சு வேகம் ஏத்துறாங்களே, நானும் செய்யலாமா?"

சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கார். எறியறதை இவ்வளவு அலசி ஆராய்ஞ்ச விளையாட்டு வேற இல்லைன்னே சொல்வேன். ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியே மைக் யங்னு ஒரு அமெரிக்க பேஸ்பால் கோச்சை ஃபீல்டிங் பயிற்சிக்கு வச்சிருந்தது.

நம்ம பவுலருக்கு ரன்-அப் இருக்கு. பேஸ்பால்ல பந்தை எறியற பிட்சருக்கு அது கிடையாது. நின்ன இடத்திலிருந்து, 18.44 மீட்டர் தள்ளி நிக்கிறவரை நோக்கி, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல எறியணும். அந்த வேகம் தரையிலிருந்து வருது. பின்கால் தள்ளும், முன்கால் ஊன்றி நிக்கும், இடுப்பு முதல்ல திரும்பும். தோள் ஒரு கணம் பின்தங்கும். ஈரத்துணியைப் பிழியற மாதிரி உடம்புல ஒரு முறுக்கு விழுமே, அது அவிழும்போதுதான் கை வருது. சாட்டையோட நுனி மாதிரி, கடைசியா. அப்போ தோள் சுழலற வேகம் நொடிக்கு 7000 டிகிரி வரைக்கும் போகுது. பைசெப்ஸ் ஏத்தி இதைக் கொண்டு வர முடியாது.

இதுக்கு நம்ம நாட்டு உதாரணமே இருக்கு. 2008-ல 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு ஒரு போட்டி நடத்தி, இந்தியா முழுக்க வேகமா எறியறவங்களைத் தேடினாங்க. (பின்னாடி படமாவும் வந்தது; இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான்.) ஜெயிச்ச ரிங்கு சிங், அவரோட போன தினேஷ் படேல், ரெண்டு பேருமே உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறியற பசங்க. பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. ரிங்கு எறிஞ்சது 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர். ஈட்டியும் கால்ல ஆரம்பிச்சு கையில முடியற விளையாட்டுதானே!

ஆனா வேகம் ரெடியா இருந்ததே தவிர, திறமையை அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. கையுறையால பந்தைப் பிடிக்கிறது, குறி வைக்கிறது, எல்லாம். அமெரிக்காவுல டாம் ஹவுஸ்ங்கிற கோச்கிட்ட சில மாசம் பயிற்சி. அந்த நவம்பர்லயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரெண்டு பேரையும் ஒப்பந்தம் பண்ணுச்சு. தினேஷை 2010-ல விட்டுட்டாங்க. ரிங்கு 2012 வரைக்கும் சின்ன லீக்குகள்ல ஆடினார். அப்புறம் காயங்கள் தொடர்ந்து அவரை உட்கார வச்சிடுச்சு. (பின்னாடி மல்யுத்தத்துல வீர் மஹான்னு பார்த்திருப்பீங்க.)

சரி, கனமான பந்து? 2018-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, பள்ளிக்கூட வயசு பிட்சர்களுக்கு 6 வாரம் அதைக் கொடுத்தாங்க. வேகம் 3.3 சதவீதம் ஏறுச்சு. ஆனா அந்தக் குழுவுல சுமார் நாலுல ஒருத்தருக்குக் காயம். அதனால, தம்பி, கூட ஒரு கோச் இல்லாம அதைத் தொடாதீங்க.

அதைவிட நம்ம ஊர்லயே ஒரு ஜிம் இருக்கு. மலைக்கோயிலோட 365 படி. விடிகாலையில கூட்டம் இல்லாதப்போ ஏறுங்க. கிருத்திகை அன்னைக்கு வேண்டாம், பக்தர்கள் திட்டுவாங்க. ஏறுறது எஞ்சினுக்கு. இறங்குறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. நிதானமா இறங்கும்போது தொடைத்தசை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்குது. எறியும்போது ஊன்றின முன்காலும் இந்த மாதிரிதான் பிரேக் போடுது. தோளுக்கும் அதே பிரேக் வேணும். பந்து கையை விட்டப்புறம் அந்த வேகத்தை நிறுத்தறது பின்தோள் தசைகள். ரப்பர் பேண்டைக் கட்டி இழுக்கிற சலிப்பான பயிற்சி அதுக்குத்தான். கூடவே 20, 30 மீட்டர் முழு வேக ஓட்டம், நடுவுல நல்ல ஓய்வு. மெடிசின் பாலைப் பக்கவாட்டுல திரும்பி சுவத்துல எறியறதும் சேர்த்துக்கோங்க.

அப்புறம் எண்ணிக்கை. அமெரிக்காவுல 17, 18 வயசு பிட்சருக்கு ஒரு நாளைக்கு 105 பந்துதான்னு வழிகாட்டுதல் இருக்கு. 81-ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு. நம்மாளுங்க ஞாயிற்றுக்கிழமை மூணு மேட்ச் ஆடிட்டு திங்கட்கிழமை நெட்ஸ்ல நிப்பாங்க. முழங்கையோட உள்பக்கம் வலிச்சா ஸ்ப்ரே அடிச்சுட்டு ஆடாதீங்க. அங்க இருக்கிற தசைநார் கிழிஞ்சா, 1974-ல டாமி ஜான்ங்கிற பிட்சருக்கு முதல்முதலா பண்ணின ஆபரேஷன்தான் கதி. மறுபடி முழு வேகத்துல எறிய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்கு முன்னாடியே எலும்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.