விமானம் ஓட்டினா மாசம் ரூ.25,000 எக்ஸ்ட்ரா... ராணுவத்தின் ‘ஃப்ளையிங் அலவன்ஸ்’ ஆபத்துக்கா, ஆளைத் தக்கவைக்கவா?

இந்திய விமானப்படையில் அதிகாரியாகச் சேரும் எல்லோருக்கும் முதல் ரேங்க் ‘ஃப்ளையிங் ஆபிசர்’. போர் விமானம் ஓட்டுபவருக்கும் அதே பெயர்தான். கணக்குப் பிரிவில் தரையில் வேலை பார்ப்பவருக்கும் அதே பெயர்தான். 7-வது ஊதியக்குழு கணக்குப்படி தொடக்க அடிப்படைச் சம்பளமும் ஒன்றுதான்: மாதம் ரூ.56,100.

ஆனால் பே ஸ்லிப்பில் ஒரு வரி மட்டும் மாறும். பறக்கும் பணியில் இருப்பவருக்கு ‘ஃப்ளையிங் அலவன்ஸ்’, அதாவது பறத்தல் படி, தனியாகச் சேரும்.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான 8-வது ஊதியக்குழு வேலையைத் தொடங்கிவிட்டதால், இந்த ஒரு வரி மறுபடியும் மேசைக்கு வரப்போகிறது. இந்தப் பணம் எதுக்காகத் தரப்படுது? கேட்க எளிமையான கேள்விதான். ஆனா பதிலைப் பொறுத்துதான் யாருக்குக் கொடுக்கணும், எவ்வளவு கொடுக்கணும், எப்போ நிறுத்தணும் என்பதெல்லாம் மாறும்.

*யாருக்கு, எவ்வளவு?*

விமானப்படை மட்டுமல்ல, ராணுவத்தின் ஏவியேஷன் கோர், கடற்படையின் விமானப் பிரிவு என மூன்று படைகளின் பைலட்களுக்கும் இந்தப் படி உண்டு. தமிழ்நாட்டில் சூலூர், தஞ்சாவூர், தாம்பரம் விமானப்படைத் தளங்களிலும், அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளியிலும் பணியாற்றும் விமானிகளும் இதில் அடக்கம்.

2017 ஜூலையில் அமலுக்கு வந்த விகிதப்படி அதிகாரிகளுக்கு மாதம் ரூ.25,000. ரேங்க் என்னவாக இருந்தாலும் தொகை ஒன்றுதான். அதனால் இதன் பலம் ஜூனியர்களுக்கே அதிகம். ரூ.56,100 அடிப்படைச் சம்பளத்தில் இருக்கும் இளம் பைலட்டுக்கு இது கிட்டத்தட்ட 45 சதவீத கூடுதல். ரூ.1,30,600-ல் தொடங்கும் குரூப் கேப்டனுக்கு 19 சதவீதம்தான்.

அகவிலைப்படி 50 சதவீதம் கூடும்போதெல்லாம் இந்தத் தொகை 25 சதவீதம் உயரும் என்பது விதி. அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 சதவீதத்தைத் தொட்டது. அந்தக் கணக்கில் ரூ.25,000 என்பது ரூ.31,250 ஆகிறது.

ஒரு முக்கிய விஷயம்: இது ‘படி’. அடிப்படைச் சம்பளமும் ‘மிலிட்டரி சர்வீஸ் பே’யும் ஓய்வூதியக் கணக்கில் சேரும். பறத்தல் படி சேராது. சீருடையைக் கழற்றும் நாளோடு இதுவும் நின்றுவிடும்.

*இந்த ரூ.25,000 எங்கிருந்து வந்தது?*

7-வது ஊதியக்குழு மத்திய அரசின் 196 படிகளை எடுத்து அலசியது. ஆபத்தும் கஷ்டமும் நிறைந்த பணிகளுக்கான படிகளை எல்லாம் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஒரு பக்கம் ‘ரிஸ்க்’, இன்னொரு பக்கம் ‘ஹார்ட்ஷிப்’. இரண்டுக்கும் மூன்று மூன்று நிலைகள். மொத்தம் ஒன்பது கட்டங்கள். அதில் உச்சக் கட்டம் ‘ஆர்1எச்1’. பறத்தல் படி அங்கேதான் இருக்கிறது. கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்களும், சி.ஆர்.பி.எஃப்-பின் கோப்ரா படையினரும் அதே கட்டம்தான்.

அதற்கும் மேலே தனியாக ஒரே ஒரு இடம். அது சியாச்சின் பனிமலையில் நிற்பவர்களுக்கு: அதிகாரிகளுக்கு ரூ.42,500, மற்ற வீரர்களுக்கு ரூ.30,000.

ஆக, இந்திய அரசின் பதில் தெளிவு. பறத்தல் படி என்பது உயிர் ஆபத்துக்கும் உடல் கஷ்டத்துக்கும் தரப்படும் பணம்.

*அப்போ ரேங்க் எதுக்கு?*

இங்கேதான் சிக்கல். ஆர்1எச்1 கட்டத்தில் ஒரு தொகை இல்லை, இரண்டு தொகை. சம்பள நிலை 9-ம் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு ரூ.25,000. நிலை 8-ம் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்கு ரூ.17,300.

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பிய எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நொறுங்கியது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். ஹெலிகாப்டரை இயக்கிய குழுவில் நான்கு பேர். இருவர் அதிகாரிகள், இருவர் ஜூனியர் வாரன்ட் ஆபிசர்கள். அட்டவணைப்படி பார்த்தால் முதல் இருவரும் மேல் விகிதத்தில் வருவார்கள், அடுத்த இருவரும் கீழ் விகிதத்தில்.

மலையும் மேகமும் ரேங்க் பார்ப்பதில்லை. ஆபத்துக்குத்தான் பணம் என்றால், ஒரே ஹெலிகாப்டருக்குள் இரண்டு விலை ஏன் என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

*அமெரிக்கா போட்ட கணக்கு*

இதே குழப்பத்தை அமெரிக்கா பல பத்தாண்டுகள் அனுபவித்தது. 1913 மார்ச்சில் அங்கே முதல் சட்டம் வந்தது. விமானப் பணிக்குப் போகும் ராணுவ அதிகாரிகளுக்கு 35 சதவீதம் கூடுதல் சம்பளம். அதுவும் 30 பேருக்கு மேல் கிடையாது. மரமும் துணியும் கொண்டு செய்த விமானங்களின் காலம் அது. அடுத்த ஆண்டே பயிற்சி மாணவருக்கு 25, ஜூனியர் விமானிக்கு 50, முழுத் தகுதி பெற்றவருக்கு 75 சதவீதம் என்று விகிதம் மாறியது.

போகப் போக ரேங்க் உயர உயர தொகையும் உயரும் முறை வந்தது. விளைவு? ஆபீசில் ஃபைல் பார்க்கும் கர்னல்களும் மாதம் நாலு மணி நேரம் பறந்து கணக்குக் காட்டி, பறத்தல் படியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பறத்தலுக்கான பெட்ரோல் செலவு தனி! 1973-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பொறுமை இழந்தது. பறக்கும் பொறுப்பில் இல்லாத கர்னல்களுக்கும் ஜெனரல்களுக்கும் படியை நிறுத்தியது.

1974-ல் புதுச் சட்டம். அதுதான் உண்மையான திருப்பம். ‘இந்த மாசம் பறந்தாயா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘உன் சர்வீஸில் எத்தனை வருஷம் பறந்தாய்?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதல் 12 ஆண்டில் 6 ஆண்டு, முதல் 18 ஆண்டில் 11 ஆண்டு பறக்கும் பணியில் இருந்திருந்தால், இடையில் ஆபீஸ் வேலைக்குப் போனாலும் படி தொடரும்.

தொகையிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. மாதம் 100 டாலரில் தொடங்கி, 6 ஆண்டு முடிந்ததும் 245 டாலர். 18 ஆண்டுக்குப் பிறகு படிப்படியாகக் குறையும். அதாவது, அனுபவம் சேர்ந்து, தனியார் ஏர்லைன்ஸ் கூப்பிடும் வயதில்தான் அதிகப் பணம்.

இன்று இந்தப் படிக்கான உச்சவரம்பு மாதம் 1,500 டாலர். கூடுதல் ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம் போடுபவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை போனஸ் தரவும் சட்டம் இடம் தருகிறது. தரையில் உட்கார்ந்து ட்ரோன் ஓட்டும் அமெரிக்க விமானப்படை பைலட்களுக்கும் படி உண்டு. கீழே விழும் ஆபத்தே இல்லாதவருக்கு எதுக்குப் பணம்? வேலையை விட்டுப் போகக்கூடாது என்பதுக்குத்தான். பிரிட்டனில் இதன் பெயரே ‘ஆள்சேர்ப்பு மற்றும் தக்கவைப்புத் தொகை’.

*இந்தியாவில் என்ன பிரச்சினை?*

ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கும், இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் 500 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்தன. இத்தனை விமானத்தையும் ஓட்ட ஆள் வேண்டும். குறுகிய காலப் பணியில் சேரும் விமானப்படை பைலட் 14 ஆண்டில் வெளியே வருகிறார். அரசு செலவில் பயிற்சி பெற்று, முழுத் தேர்ச்சியோடு நிற்கும் வயது அது. நிரந்தரப் பணியில் இருப்பவர் முன்கூட்டியே விலக வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி மறுத்து ஒருவரை நிறுத்தி வைக்கலாம். ஆனா மனசில்லாம விமானம் ஓட்டுபவரை யாரும் விரும்புவதில்லை.

ரேங்க் எதுவானாலும் ஒரே ரூ.25,000 என்ற முறை, புதிதாக வந்தவருக்கு நல்ல ஊக்கம். 12 ஆண்டு அனுபவத்தோடு வெளியே பார்க்கும் ஸ்குவாட்ரன் லீடரையோ விங் கமாண்டரையோ நிறுத்தி வைக்க அது போதுமா என்பதுதான் கேள்வி.

*8-வது ஊதியக்குழுவில் எதைக் கவனிக்கணும்?*

குழு அறிக்கை தர 18 மாதம் அவகாசம். தொகை எவ்வளவு ஏறுது என்பதைத் தாண்டி இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பறத்தல் படி ஆபத்து-கஷ்ட அட்டவணைக்குள்ளேயே இருக்குமா என்பது. இருந்தால், ஒரே விமானத்தில் பறக்கும் அதிகாரிக்கும் வாரன்ட் ஆபிசருக்கும் உள்ள ரூ.7,700 வித்தியாசத்துக்கு அந்த அட்டவணையே பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு, அனுபவத்துக்குத் தனி விலை வருமா என்பது. ஆபத்துக்கு ஒரு தொகை, சர்வீஸில் நீடிப்பதுக்கு ஒரு தொகை என்று இரண்டாகப் பிரித்தால், ஹெலிகாப்டரின் பின்பக்கம் இருக்கும் வாரன்ட் ஆபிசருக்கும் நியாயம் கிடைக்கும், முன்சீட்டில் இருக்கும் சீனியர் பைலட்டும் கிளம்ப யோசிப்பார். இப்போதைக்கு இரண்டு வேலையையும் ஒரே படிதான் பார்த்துக்கொண்டிருக்கிறது.