அன்னையின் மாணவி காத்த கரம்

பெண்மக்கள் கல்வி கற்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர்கள் கற்றும் வருகிறார்கள். பள்ளியிலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் நீதிமன்றத்திலும் அவர்கள் பணியாற்றுவதைக் கண்டு மகிழ்கிறோம். ஆயினும் பணியில் சேர்ந்த ஒரு பெண், அப்பணியின் தலைமைக்கு உயர்வது எங்ஙனம் என்று நாம் எப்போதேனும் சிந்தித்ததுண்டா? கல்வி ஒருவரை வாயில்வரை கொண்டு சேர்க்கும். உள்ளே நுழைந்த பின்னர் கைபிடித்து வழிகாட்ட, முன்னே நடந்தவர் ஒருவர் வேண்டும். அத்தகைய வழிகாட்டிகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கப் பக்கங்களே நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன.

எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராயிருந்த காலத்து அரபகத்தில், எழுத்தறிந்த பெண்மணியாகத் திகழ்ந்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள். உமர் (ரலி) அவர்களின் மகளாரும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியாருமான ஹஃப்ஸா நாயகி (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் இவ்வம்மையாரே. எழுத்தைக் கற்பித்தது போன்றே, ஒரு தோல்நோய்க்கு ஓதிப் பார்க்கும் முறையையும் ஹஃப்ஸாவுக்குக் கற்றுத் தரலாகாதா என்று அண்ணலார் அவரிடம் வினவியதாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பு கூறுகிறது. ஒரு பெண் தான் அறிந்ததை மற்றொரு பெண்ணுக்கு வழங்குவதைப் பெருமானார் அவர்களே ஊக்குவித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பிற்காலத்தில், முதன்முதலாகத் தொகுக்கப்பெற்ற திருக்குர்ஆன் ஏடுகள் உமர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் ஹஃப்ஸா நாயகியிடமே பாதுகாப்பாக இருந்தன. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் படியெடுப்பதற்காக அவ்வேடுகளைக் கேட்டுப் பெற்றது அவரிடமிருந்தேயாகும்.

இனி அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் இல்லத்திற்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 632ஆம் ஆண்டில் மறைந்த பின்னர், அன்னையார் ஏறத்தாழ 46 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அவ்வாண்டுகளில் அவர்களின் இல்லம் ஓர் உயர்நிலைக் கலாசாலையாகவே விளங்கிற்று. பல ஊர்களிலிருந்தும் மக்கள் ஐயம் தெளிய வந்தனர். வர இயலாதோர் கடிதம் எழுதினர். அக்கடிதங்களுக்கு விடை எழுதியவர் யார் என்பதில்தான் நமக்கொரு பாடம் அடங்கியிருக்கிறது.

அன்னையாரின் தங்கை மகள் ஆயிஷா பின்த் தல்ஹா, சிற்றன்னையைப் போற்ற வேண்டிய இடத்தில் பெரியன்னையைப் பெற்ற பேறுடையவர். அவர்களின் அரவணைப்பில் வளர்ந்தவர். வெளியூர் மக்கள் தமக்குக் கடிதங்களும் அன்பளிப்புகளும் அனுப்புவதுண்டு என்றும், இன்னார் எழுதிய கடிதம் இது, இன்னார் அனுப்பிய பொருள் இது என்று தாம் அன்னையாரிடம் எடுத்துரைப்பதுண்டு என்றும் அவரே தெரிவித்திருக்கிறார். அன்னையார் என்ன செய்தார்கள் தெரியுமா? கடிதத்தை வாங்கித் தாமே விடையளித்துவிடவில்லை. விடை எழுதும் பொறுப்பையும், அன்பளிப்புக்கு ஈடு செய்யும் பொறுப்பையும் மகளைப் போன்ற அம்மாணவியிடமே ஒப்படைத்தார்கள். ஈடு செய்யக் கையில் பொருள் இல்லையேல் தாம் தருவதாகவும் கூறினார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தொகுத்த 'அல் அதபுல் முஃப்ரத்' என்னும் நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

அன்பர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்றே ஆழ்ந்து நோக்குங்கள். பொறுப்பைக் கொடுத்தார்கள், அதனை நிறைவேற்றும் உரிமையைக் கொடுத்தார்கள், அதற்கு வேண்டிய பொருளுக்கும் தாமே நின்றார்கள். இன்று நாம் என்ன செய்கிறோம்? பொறுப்பைத் தலையில் சுமத்திவிட்டு, முடிவெடுக்கும் உரிமையை நம் மேசையிலேயே வைத்துக்கொள்கிறோம். பின்னர், இப்பெண்ணுக்குத் தலைமைத் திறம் போதாது என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம்! நீரில் இறங்கவே விடாதவரை நீந்தத் தெரியாதவர் என்று பழிப்பது எவ்வளவு பெரிய அநீதி!

அன்னையாரின் மடியில் வளர்ந்த மற்றொரு மாணவியர் திலகம் அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான் அவர்கள். மதீனத்து அன்சாரிக் குடும்பத்தில் பிறந்தவர். அன்னையாரிடம் கேட்டவற்றையெல்லாம் நெஞ்சில் பதித்துக்கொண்டவர். ஆனால் எவ்வளவு கற்றிருந்தும், கற்றவர் இங்கே இருக்கிறார் என்று ஊருக்கு உரைப்பார் இல்லையேல் அவ்வறிவு குடத்துள் இட்ட விளக்கன்றோ? அம்ராவுக்கு அவ்வாறு உரைப்பார் ஒருவர் வாய்த்தார். அவரே அன்னையாரின் உடன்பிறந்தார் மகனாகிய காஸிம் பின் முஹம்மத் (ரஹ்) அவர்கள்.

பிற்காலத்தில் ஹதீஸ் கலையின் பேரறிஞராக விளங்கிய இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) அவர்கள், இளமையில் அறிவு தேடி காஸிமிடம் வந்தார். காஸிம் அவர்களும் மதீனாவின் பெரும் அறிஞர்களுள் ஒருவர். அதே அன்னையிடம் பயின்றவர். வந்த மாணவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள அவர் எண்ணியிருக்கலாம். அவரோ, அறிவின் கொள்கலத்தையே உனக்குக் காட்டுகிறேன் என்னும் கருத்துப்பட மொழிந்து, அம்ராவிடம் செல்லுமாறு வழிகாட்டினார். சென்ற ஸுஹ்ரீ, வற்றாத கடலொன்றைக் கண்டதாகப் பிற்காலத்தில் வியந்துரைத்தார். அம்ரா அவ்விடத்தில் இல்லாதபோது அவருக்காக ஒரு சான்றோர் நாவசைத்தார். அதனால் ஒரு பேரறிஞர் அவருக்கு மாணவரானார்.

இத்தகைய கல்வி எதற்குப் பயன்பட்டது? மதீனாவில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதற்கு விடை கூறும். அப்போது அந்நகரில் நீதி வழங்கும் அதிகாரம் பெற்றிருந்தவர் அபூபக்ர் இப்னு ஹஸ்ம். இவர் அம்ராவின் உடன்பிறந்தாள் மகன். நபத்தி குலத்தவர் ஒருவர் இரும்பு மோதிரங்கள் சிலவற்றைத் திருடிவிட்டார். அவரைச் சிறையில் அடைத்த அபூபக்ர், அவரது கையைத் துண்டிக்க முடிவு செய்தார். செய்தி அம்ராவின் செவிக்கு எட்டியது. அவர் வாளாவிருக்கவில்லை. தம் இல்லத்தைச் சேர்ந்த உமையா என்னும் பெண்ணை உடனே தூதனுப்பினார். மக்கள் சூழ அபூபக்ர் அமர்ந்திருந்த அவையிலேயே அப்பெண் சென்று செய்தியை உரைத்தார். அற்பப் பொருளுக்காகவா கையை வெட்டப் போகிறாய் என்று வினவிய அம்ரா, கால் தீனாருக்குக் குறைந்த மதிப்புடைய பொருளுக்கு அத்தண்டனை இல்லை என்பதையும் எடுத்துரைத்திருந்தார். அச்சட்டத்தை அவர் அன்னை ஆயிஷா நாயகியிடம் நேரில் கேட்டறிந்திருந்தார். அபூபக்ர் வாதிடவில்லை, அக்கைதியை விடுவித்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் பதிவாகியுள்ள வரலாறு இது.

ஓர் ஏழைக் கைதியின் கை எஞ்சிற்று. அதனைக் காத்தது எது? ஆண்டுகள் பலவற்றுக்கு முன், ஓர் இல்லத்தில் ஒரு மூதாட்டி ஒரு சிறுமியை அருகிருத்திக் கற்பித்த கல்வியன்றோ! அம்மாணவி அறிந்திருந்தும் பேசத் துணியாதிருந்தால்? அவர் பேசியும், பெண்ணின் சொல்தானே என்று அவையோர் புறக்கணித்திருந்தால்? பெண்களைத் தலைமைக்கு வளர்ப்பது அவர்களுக்கு நாம் செய்யும் உபகாரம் என்று எண்ணுவோர் இவ்வழக்கை நினைத்துப் பார்க்கட்டும். அவர்களின் அறிவு அவைக்கு வாராதபோது, அநீதிக்கு ஆளாவோர் மூன்றாம் மனிதர்களே.

இதே அபூபக்ர் இப்னு ஹஸ்முக்குத்தான், கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்த கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஹதீஸ்களைத் தொகுத்தெழுதுமாறு ஆணையிட்டார்கள். அவ்வாணையில் அம்ரா அறிவித்த ஹதீஸ்களையும் எழுதிக்கொள்ளுமாறு குறிப்பிட்டார்கள் என்பது வரலாறு.

அது பொற்காலம், இக்காலத்தில் அவ்வாறு நிகழுமோ என்று ஐயுறுகிறீர்களா? நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. கேரளத்தின் பத்தனம்திட்டாவில் 1927ஆம் ஆண்டில் பிறந்தவர் ஃபாத்திமா பீவி அம்மையார். வேதியியலில் பட்டம் பெற்ற அவரைச் சட்டம் பயிலுமாறு தூண்டியவர் அவருடைய தந்தையார் மீரா சாஹிப் அவர்கள். 1937ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் முன்சீப்பாகப் பொறுப்பேற்று, நாட்டின் முதல் பெண் நீதிபதி எனப் புகழ்பெற்ற அன்னா சாண்டி அம்மையாரின் உயர்வே அத்தந்தையாரின் உள்ளத்தில் இவ்வெண்ணத்தை விதைத்தது. முன்னே நடந்த ஒரு பெண்ணைச் சுட்டிக்காட்டி, உன்னாலும் இயலும் என்று மகளுக்கு உணர்த்தினார் அவர்.

அதன் விளைவு யாது? 1950ஆம் ஆண்டில் வழக்கறிஞர் தேர்வில் முதலிடம், 1958இல் முன்சீப், 1974இல் மாவட்ட நீதிபதி, 1983இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. உச்சநீதிமன்றம் தோன்றி 39 ஆண்டுகள் அதன் இருக்கைகளில் ஒரு பெண்கூட அமர்ந்ததில்லை. 1989ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 6ஆம் நாள் அங்கே முதன்முதலாக அமர்ந்த பெண் நீதிபதி ஃபாத்திமா பீவி அம்மையாரே. 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் அவர் பணியாற்றியதை நம்மில் பலர் அறிவோம். 2023ஆம் ஆண்டு நவம்பரில் அவர் இவ்வுலகை நீத்தார்.

பெண்களை உயர்த்துவது பெண்களின் வேலை மட்டுமே என்று ஆடவர் ஒதுங்கிவிடலாகாது. காஸிமும் ஸுஹ்ரீயும் அபூபக்ரும் மீரா சாஹிபும் ஆடவர்களே. வீட்டு வேலை முழுவதையும் பெண்ணின் தோளில் ஏற்றிவிட்டு, வெளியே அவள் உயரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இல்லத்துப் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள்; தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா நாயகி அவர்களே அறிவித்துள்ளார்கள்.

நீங்கள் தலைமையாசிரியையா? மருத்துவமனையில் மூத்த செவிலியரா? அலுவலகத்தில் அதிகாரியா? உங்களின் கீழ்ப் பணிபுரியும் இளம்பெண் ஒருவரை இன்றே எண்ணிப் பாருங்கள். உங்களுக்காக அழைப்பு வந்த கூட்டத்திற்கு ஒருமுறை அவரை அனுப்புங்கள். அவர் தயாரித்த அறிக்கை அவர் பெயராலேயே மேலிடத்திற்குச் செல்லட்டும். அவர் தவறினால் தனியே அழைத்துத் திருத்துங்கள். அவர் சிறந்தால் பலர் அறியப் பாராட்டுங்கள். பதவி உயர்வு பேசப்படும் இடத்தில், அவர் இல்லாத வேளையில் அவர் பெயரை நீங்கள் உச்சரியுங்கள். உங்கள் முடிவு தவறென்று அவர் ஆதாரத்துடன் கூறுவாராயின், அபூபக்ரைப் போல் செவிசாய்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

மத்யன் நகரத்துப் பெரியவரிடம் மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்துமாறு பரிந்துரைத்தவர் அப்பெரியவரின் மகளாரே என்பதைத் திருக்குர்ஆன் 28ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். வலிமையும் நம்பகமும் உடையவரே பணிக்கு ஏற்றவர் என்னும் அளவுகோலை அங்கே எடுத்துரைத்தது ஒரு பெண்ணின் நாவு. அதனை ஏற்றுக்கொண்டது ஒரு தந்தையின் உள்ளம். அவ்வளவுகோலைக் கொண்டே நம் பெண்மக்களையும் அளப்போமாக.

நாம் கற்ற கலையும் பெற்ற அனுபவமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றை அடுத்தவர் கையில் சேர்ப்பிக்காமல் மண்ணுக்குக் கொண்டுசெல்வது அமானிதத்திற்கு அழகன்று. நாம் இன்று வளர்க்கும் பெண்ணின் ஒரு சொல், நாளை எந்த எளியவரின் கரத்தைக் காக்குமோ, யாரறிவார்? அந்நற்பணியில் ஈடுபடும் பேற்றினை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!